ஒரே ஆட்டின் இரண்டு பாதிகள்

கடையைத் திறந்து முதல் ஆட்டைக் கொக்கியில் மாட்டிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. கரோல் பாகிலிருந்து டாக்டர் கோமதி அம்மாவின் தம்பி பேசினார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா. காலையில காப்பி கேட்டா. கொண்டு வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு." கத்தியைக் கீழே வைத்தேன். வாசலில் நின்ற நாலு பேரிடம் இன்று வியாபாரம் இல்லை என்று சொல்லி ஷட்டரை இறக்கினேன். தில்லி ஜங்புராவில் நான் கடை வைத்த நாளிலிருந்து என் வீட்டுச் சாவைத் தவிர வேறு எதற்கும் அந்த ஷட்டர் பகலில் இறங்கியதில்லை.

இரங்கல் கூட்டம் அவர் வீட்டு மாடியில் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள், பேசினீர்கள். அவருடைய எளிமை, நேரம் தவறாமை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் வந்தது. என்ன வேலை பார்த்தார் என்ற இடத்துக்கு வந்ததும் ஒருவர் "உணவுத் துறை" என்றார். இன்னொருவர் "சர்க்காரில் பெரிய விஞ்ஞானி" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். யாரையும் குறை சொல்லவில்லை, உங்களுக்கு வாய் கூசியது. எனக்குக் கூசாது, நான் கறிக்கடைக்காரன். கோமதி அம்மா ஆராய்ந்தது இறைச்சியை. ஆட்டுக் கறி ஒரு நாள் பஞ்சாகவும் ஒரு நாள் செருப்பாகவும் இருப்பது ஏன் என்று உத்தியோக காலம் முழுவதும் தேடினார். திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்து, ஒரு துண்டு கூட வாயில் வைக்காமல் அதைச் செய்தார். அன்று பேச எழுந்தேன், என் பெயரைச் சொன்னதோடு உட்கார்ந்துவிட்டேன். அதனால் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அவரை முதலில் பார்த்தது ஆடு அறுக்கும் கூடத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில். நூல் புடவையைத் தூக்கிச் செருகி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, கையில் ஒரு வெப்பமானியோடு ரத்தத் தண்ணீருக்குள் நடந்து வந்தார். மாநகராட்சியிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் சோதனைக்கு வருகிறவர்களைக் கவனிக்க ஒரு வழிமுறை இருந்தது. ஒரு முழுத் தொடையைக் காகிதத்தில் சுற்றி நீட்டினேன்.

என் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, கோவில்பட்டிப் பக்கம் என்றதும் தமிழுக்கு வந்து, தான் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் என்றார்.

"தொடையை வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? இந்தா, இந்த இடத்துல ஒரு துண்டு வேணும். அறுத்து ஒரு மணி நேரத்துல ஒண்ணு, சாயங்காலம் அதே தசையில இன்னொண்ணு. விலை என்னன்னு சொல்லுங்க."

"உங்ககிட்ட காசு வாங்குவனா டாக்டரம்மா?"

"வாங்கணும். சும்மா வாங்குனா நீங்க கழிச்சுப் போட்டதைத்தான் குடுப்பீங்க. அதை வச்சு நான் பத்து வருசம் ஆராய்ச்சி பண்ணுனா, உங்க கழிவைப் பத்தித்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என் மனத்தில் ஓடியதை அப்படி எடுத்து என் முன்னாலேயே வைத்தவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து நல்ல துண்டாகக் கொடுத்தேன்.

ஒருமுறை நான் கொடுத்துவிட்ட துண்டைப் பார்த்துவிட்டு ஆளனுப்பித் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். கறி கறுப்படித்து, தொட்டால் பசை மாதிரி ஒட்டியது. நோய்ப்பட்ட ஆடு என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். "இது நல்ல ஆடுதான் அண்ணாச்சி. ஆனா ரொம்ப நேரம் பயந்திருக்கு. எங்கயோ மிரண்டு ஓடியிருக்கு, இல்ல நின்னுக்கிட்டே ரெண்டு நாள் வந்திருக்கு" என்றார். விசாரித்தேன். லாரி வழியில் பழுதாகி, அந்த ஆடுகள் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் இல்லாமல் நின்றிருந்தன, சுற்றி நாய்கள். செத்துப் போன ஆட்டின் பயத்தை ஒரு விரல் நீளத் துண்டில் ஒருவர் படிக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். நம்ப முடியாமல் எப்படி என்று கேட்டேன். ஆடு தசையில் சர்க்கரை சேர்த்து வைத்திருக்கும், பயத்திலும் ஓட்டத்திலும் அது தீர்ந்துவிடும், அறுத்த பிறகு கறி புளிப்பதற்கு அந்தச் சர்க்கரை வேண்டும் என்றார். "மாவு புளிக்கிற மாதிரிதான். புளிச்சாத்தான் நிறம் வரும், கெடாம நிக்கும். இது புளிக்கவே இல்ல." அறுப்பதற்கு முன் ஆடுகளுக்கு ஒரு நாள் நிழலும் தண்ணீரும் கொடுக்கிற வழக்கம் என் கொட்டிலில் வந்தது அதற்குப் பிறகுதான்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவருடைய பெருமை விளங்காது.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷம் ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஆட்டுக்கறி கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. பாத்திரம் தேய்க்கத் தில்லிக்கு வந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. மனைவியின் நகை, சேமிப்பு எல்லாவற்றையும் போட்டு ஒரு குளிர் அறை கட்டினேன். அறுத்த சூடு அடங்குவதற்குள் ஆடுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன். ஈ கிடையாது, தூசி கிடையாது. பார்க்க வந்தவர்களையெல்லாம் உள்ளே கூட்டிப்போய் நடுங்க வைத்து அனுப்பினேன்.

சில வாரங்களில் ஹோட்டலிலிருந்து புகார் வந்தது. கறி ரப்பராக இருக்கிறது, எவ்வளவு வேக வைத்தாலும் மெல்ல முடியவில்லை, இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்றார்கள்.

எனக்கு ஆடு கொடுத்தவர் ராஜஸ்தானைச் சேர்ந்த காசிம் பாய். தில்லியில் யாரும் எனக்குக் கடன் தராத நாளில் ஆட்டை அவிழ்த்துக் கையில் கொடுத்தவர். கிழட்டு ஆட்டை இளம் ஆடு என்று தள்ளுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். நேராக ஆட்டு மண்டிக்குப் போனேன். நாற்பது ஐம்பது வியாபாரிகள் இருந்தார்கள். கிழட்டு ஆடு தருகிறாய் என்றேன். காசிம் பாய் ஓர் ஆட்டின் வாயைப் பிளந்து காட்டினார். உள்ளே இளம் ஆட்டின் பால் பல். "கிழட்டுப் பல்லை ராவிச் சின்னதாக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

ஆட்டு வியாபாரியிடம் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அவர் ஆட்டின் வாயை மெதுவாக மூடினார். "அச்சா, மதராசி" என்று மட்டும் சொன்னார். அந்த வாரத்திலேயே வேறு இரண்டு பேர் அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். வருகிறவன் போகிறவனெல்லாம் அவருடைய ஆட்டின் பல்லைச் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

நான் டாக்டரம்மாவிடம் போனது காசிம் பாய் ஏமாற்றினார் என்று ஒரு காகிதம் வாங்க.

"எப்போ இருந்து கறி இப்படி?"

"தீபாவளிக்கு அடுத்த வாரத்துல இருந்து."

"அதுக்கு முன்னாடி இதே ஆளு, இதே ஆடுதானே?"

"ஆமா."

"தீபாவளிக்கு அடுத்த வாரம் உங்க பக்கம் என்ன மாறிச்சு?"

"எங்கிட்ட என்ன மாறும்? குளிர் ரூம் போட்டேன், அவ்வளவுதான்" என்றேன், பெருமையாகவே. அவர் பேனாவை மூடினார். விடை அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம், ஆனால் சொல்லவில்லை. "காசிம் பாய் ஆடு ஆறு வேணும்" என்றார்.

எனக்கு அவர் தர மாட்டார். ஆகையால் டாக்டரம்மாவே ஆட்டோ பிடித்து மண்டிக்குப் போனார். காசிம் பாய் ஒவ்வோர் ஆட்டின் வாயையும் பிளக்க, இந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே பார்த்து எழுதிக்கொண்டதை மண்டியே வேடிக்கை பார்த்ததாம். காசிம் பாயையும் கையோடு என் கொட்டிலுக்கு அழைத்து வந்துவிட்டார். "சொன்னவரும் இருக்கணும், சொல்லப்பட்டவரும் இருக்கணும்" என்றார். நாங்கள் இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து நின்றோம்.

ஆறு ஆட்டையும் அறுத்து, ஒவ்வொன்றையும் முதுகெலும்போடு இரண்டாகப் பிளக்கச் சொன்னார். இடது பாதி உடனே என் குளிர் அறைக்குள். வலது பாதி மெல்லிய துணி போர்த்தி வெளியே கொக்கியில், பகல் முழுவதும். பொழுது சாய்ந்த பிறகு அவையும் உள்ளே. மறுநாள் எல்லாவற்றிலும் ஒரே தசையில் துண்டு எடுத்து, அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவில் வேக வைத்தார்கள். துண்டுகளுக்கு எண் போட்டது உதவியாளர். எந்த எண் எந்தப் பாதி என்ற சீட்டு உறைக்குள் ஒட்டப்பட்டது.

"உங்களுக்குமா தெரியக் கூடாது?" என்றேன்.

"எனக்குத்தான் முதல்ல தெரியக் கூடாது. தெரிஞ்சா கை அதுக்குத் தகுந்த மாதிரி போகும்."

அவருடைய கருவி ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. கத்தி மாதிரி ஒரு தகடு, அதற்குக் கீழே கறித் துண்டு, தகட்டை இழுக்க ஒரு வாளி. வாளியில் ஈயக் குண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார். கறி அறுபட்டதும் வாளி தொப்பென்று விழும். குண்டுகளை நிறுத்து எழுதுவார். தராசோடு பிழைத்தவன் நான், எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சில துண்டுகளுக்குப் பாதி வாளியிலேயே விழுந்தது. சிலவற்றுக்கு வாளி நிறைந்தும் தகடு இறங்கவில்லை. குண்டு விழுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. எல்லாம் முடிந்து உறையைப் பிரித்தார்கள். வாளி நிறைந்தவை அனைத்தும் இடது பாதிகள்.

ஒரே ஆடு. ஒரே நாள், ஒரே கத்தி. ஒரு பாதி பஞ்சு, ஒரு பாதி ரப்பர். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

தட்டில் இரண்டையும் வைத்து எங்களிடம் நீட்டினார். காசிம் பாய் இரண்டையும் நிதானமாக மென்றார். என் பக்கம் திரும்பாமலே இந்தியில் சொன்னார்: "இதுவும் என் ஆடு. அதுவும் என் ஆடு. நடுவுல நின்னது நீ."

டாக்டரம்மா எனக்குத் தமிழில் விளக்கினார். உயிர் போன பிறகும் தசைக்குக் கொஞ்ச நேரம் வேலை பாக்கி இருக்கிறது, அது முடிவதற்குள் குளிரில் போட்டால் தசை சுருண்டு இறுகிவிடும், பிறகு எந்த நெருப்பும் அதை இளக்காது. "மாவரைச்ச கையோட ஐஸ்பெட்டியில வச்சுட்டு, மறுநாள் இட்லி கல்லா இருக்குன்னு அரிசிக்கடைக்காரரை ஏசியிருக்கீக அண்ணாச்சி."

அறிக்கையை அங்கேயே இங்கிலீஷில் தட்டச்சு செய்து, எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். ஆட்டில் குறையில்லை, கறி வழங்குபவர் குளிரூட்டிய முறையில் குறை என்றிருந்தது. ஹோட்டல்காரர்கள் பார்த்தால் என் கதை முடிந்தது. "இயந்திரக் கோளாறுன்னு எழுதக் கூடாதா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

"இயந்திரம் குளிரச் சொன்னா குளிருது. அது மேல என்ன தப்பு?"

"அப்போ காசிம் பாய்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"கத்திக்குத் தெரிஞ்சதைக் கத்தி சொல்லிருச்சு. உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கதான் சொல்லணும். எங்க வச்சு ஏசுனீங்களோ, அங்க வச்சு."

காகிதம் ஒரே ஒரு பிரதி. அதை என் கையில் கொடுத்துவிட்டார். கிழித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் மண்டிக்குப் போய், இங்கிலீஷ் தெரிந்த ஒரு குமாஸ்தாவைக் கல்மேடையில் ஏற்றி, இந்தியில் உரக்கச் சொல்ல வைத்தேன். என் மேல் குறை சொன்ன வரியை அவர் முழுங்கப் பார்த்தார். அதையும் சொல்லச் சொன்னேன். அன்றே ஹோட்டலிலும் அதைக் காட்டினேன். ஒப்பந்தம் போயிற்று. காசிம் பாயிடம் விலகிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர் எனக்கு மட்டும் நாலு மாதம் ஆடு தரவில்லை. பிறகு ஒரு காலை, "அரே மதராசி, எத்தனை வேணும்?" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஒரு பொங்கலுக்கு டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி பதறிப்போய்ப் புதுப் பாத்திரங்கள் வாங்கியிருந்தாள். "நல்லாத் தேச்சாப் போதும் தாயி" என்று சிரித்தார். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி மெல்லக் கேட்டாள், "கறி திங்காத நீங்க அந்த ரத்தத்துல எப்படிம்மா நிக்கீங்க?"

"நான் திங்காம இருந்தா ஒரு ஆடும் பிழைக்கப் போறதில்ல. ஆனா மிரளாம, தாகமில்லாம போகலாம்லா? கறி நல்லா இருக்கணும்னா ஆடு நிம்மதியா இருந்திருக்கணும். அதை வியாபாரிக்குப் புரியவச்சாப் போதும், மிச்சத்தை அவரு லாபம் பாத்துக்கிடும்."

என்னைப் பற்றித்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை.

சுடுகாட்டில் காசிம் பாயும் வந்து கடைசியில் நின்றார். தாடி முழுவதும் நரைத்துவிட்டது. உறவினர் ஒருவர் இவர் யார் என்று என்னிடம் கேட்டார். "அம்மாகூட வேலை பார்த்தவர்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்விதான். சரக்கில் குறை என்று யார் வந்து சொன்னாலும், வீட்டில் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், பழைய வாடிக்கைக்காரர் எதிர்க் கடைக்குப் போனாலும், என் பக்கம் என்ன மாறியது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த கேள்வியல்ல. பதில் கிடைக்கிறவரை வாயைத் திறப்பதில்லை. பதில் கிடைத்த பிறகு, பெரும்பாலும், திறக்க வேண்டியிருப்பது மன்னிப்புக் கேட்கத்தான்.