கதவுக்குள் காய் வெட்டும் பலகை

வாங்கிய ஸ்பீக்கர் வட்டம், என் பழைய காரின் கதவு ஓட்டை நீள்வட்டம். அதை விற்ற ஈப்போ கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தகரத்த வெட்டித்தான் ஆகணும் லா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கார்க் கதவை ஒருவரும் வெட்ட வேண்டாம் என்று குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

மனைவி சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அவள் காய் வெட்டும் தடித்த பிளாஸ்டிக் பலகையை அறுத்து, வெளிப்புறம் ஓட்டைக்கும் உட்புறம் ஸ்பீக்கருக்கும் பொருந்துகிற மாதிரி கதவுக்கொரு வளையம் செய்தேன். ஸ்பீக்கரை அதில் வைத்துத் திருகினேன். பாட்டு கணீரென்று கேட்டது. பெருமையாகச் சன்னலை இறக்கினேன். கண்ணாடி பாதியில் டொக்கென்று நின்றது. அதை ஏற்றி வைத்துக்கொண்டே அளவெடுத்திருக்கிறேன். இறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறது. வளையம் இன்னும் தடிமனாக இருந்தால்தான் ஸ்பீக்கர் முன்னால் தள்ளி உட்காரும்.

திரும்பி வந்த மனைவி துண்டுகளைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு பலகையோடு வந்தாள்.

"இது மீன் வெட்டுறது. இதையும் அறுத்துருங்க. நாளைக்கு ரெண்டும் புதுசா வாங்கணும்."

இரட்டை வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது.

மறுநாள் அவளோடு அந்தக் கடை வாசலில் நிறுத்தி, பாட்டைப் போட்டு, கண்ணாடியை அடிவரை இறக்கினேன். கடைக்காரர் கதவைத் தடவிப் பார்த்தார்.

"எங்க வெட்டுனீங்க?"

"வெட்டலண்ணே."

அவர் மறுபடியும் தடவினார்.

"பலகை வாங்கப் போலாமா?" என்றாள் மனைவி.

கண்ணாடியை ஏற்றி, அவருக்காக இன்னொரு முறை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.