மூச்சிழுப்புத் தாயத்து

சின்ன வயதில் எனக்கு மூச்சிழுப்பு உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பனிக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். டிக்கோயா ஆஸ்பத்திரி மருந்தோடு, கோயில் பூசாரியிடம் ஒரு செப்புத் தாயத்தும் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து அம்மா என் கழுத்தில் கட்டினாள். இழுப்பு குறைந்தது. மருந்துக்குக் கிடைக்க வேண்டிய பெயரைத் தாயத்து தட்டிக்கொண்டு போனது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஹட்டனில் ஒரு கராஜில் மெக்கானிக். அந்த வருடம் கடைவீதி முதலாளி ஒருவரின் மகன், மலையேற்றப் போட்டிக்காகத் தன் டர்போ காரை அவரிடம் விட்டிருந்தார். அது நன்றாக ஓடினால் கராஜ் சொந்தக்காரர் கராஜில் பாதியை மாமாவின் பொறுப்பில் விடுவதாகப் பேச்சு.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் மாமாவுக்குச் சோறு கொண்டுபோனேன். மேசையில் மெனிபோல்ட் இருந்தது; என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும், நான்கு குழல்கள் உள்ள அலுமினியச் சாமான். பத்து நாளாக அதன் உட்புறத்தை அரைத்து, சேண்ட்பேப்பர் போட்டு இழைத்திருந்தார். விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். வழுவழுவென்றிருந்தது.

"டர்போ எவ்வளவு காத்த தள்ளுனாலும், வழி சொரசொரப்பா இருந்தா வண்டிக்கு மூச்சு முட்டும் பாப்பா. ஒனக்கு வர்ற இழுப்பு மாதிரிதான்."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கை கழுவப் போனதும் தாயத்தைக் கழற்றி ஒரு குழலுக்குள் ஆழமாகத் திணித்தேன். எனக்குக் கேட்டது காருக்குக் கேட்காதா? வெளியே சொன்னால் பலிக்காது என்றும் நானே முடிவு செய்துகொண்டேன்.

காலையிலேயே ஊதித் துடைத்து வைத்ததுதானே என்ற நம்பிக்கையில், மாமா சாப்பிட்டு முடித்து அதை என்ஜினில் பூட்டினார். முதலாளி மகன் வந்து நின்றார். சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது. உடனே உள்ளே எதையோ போட்டு இடிக்கிற சத்தம். அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் வரை பிரித்தார்கள். வால்வு வளைந்திருந்தது. உள்ளேயிருந்து எதையோ எடுத்து மாமா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

"நட்டு ஒன்ன உள்ள விட்டுட்டேன் சேர். என் தப்புதாங்க."

நட்டு என்றதும் எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் நான் இல்லை. அதை நம்புவது வசதியாகவும் இருந்தது.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அவருக்கு 'நட்டு மாமா' என்று பெயர் வைத்தார்கள். அவர் காதில் விழும்படி சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இதை எழுதும்போதும் எனக்கு முகம் கூசுகிறது. தாயத்து எங்கே என்று அம்மா கேட்டதற்கு, குளிக்கும்போது ஆற்றோடு போய்விட்டது என்றேன். மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

கொழும்புக்கு வேலை தேடிப் போன அன்று காலை, மாமா புதுத் தாயத்து ஒன்று கொண்டுவந்து என் கழுத்தில் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டார்.

"இது ஒன் கழுத்துலயே இருக்கட்டும் பாப்பா. வேற யாருக்கும் குடுத்துறாத."

என் பொய்யை நம்பிவிட்டார் என்று சந்தோஷமாகக் கையசைத்து அவரை பஸ் ஏற்றினேன். ஆற்றோடு போன தாயத்தை நான் யாருக்குக் கொடுத்ததாக அவர் நினைத்தார் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.