வலது கை ரத்தம்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத்தெல்லாம் நமக்குச் சரிப்படாது. ஆனால் போன வாரம் பொன்னேரியில் ஃபர்னஸ் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, எவர்சில்வர் டம்ளரை அண்ணிதான் அவர் வாயருகே பிடித்திருந்தார். அண்ணனின் வலது மணிக்கட்டு, அறுத்த கோழியின் கழுத்துபோலத் தொங்கியது.

கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரித் தகடுகளை உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனி. அவருக்கு உள்ளே உலையில் வேலை, அதனால்தான் ஃபர்னஸ் அண்ணன். நான் வெளியே எடைமேடையில். எந்த உலோகம் எதைத் துரத்தும் என்ற பாடம் நடந்தபோது வகுப்பில் தூங்கியவன் நான். உலையில்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். தகடுகளோடு கரித்தூளும் இரும்புச் சுருளும் போடுவார் அண்ணன். ஈயத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் கந்தகத்தை, அதைவிடத் துடிப்பான இரும்பு பிடுங்கிக்கொள்ளும். ஈயம் தனியாகப் பளபளவென்று வழியும்.

"ரெண்டு ஆணி முழுங்குண்ணா, உள்ள கீற ஈயம்லாம் எறங்கிடும்" என்பேன்.

"மொதல்ல நீ முழுங்கிக் காட்டு நைனா" என்பார்.

ஒருநாள் டீ குடிக்கும்போது டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. "இன்னாண்ணா, டம்ளருக்கே உன்ன புடிக்கலையா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. "ஈயம் கூடிப்போச்சுன்னா வேலைய உட்டு அனுப்பிடுவானுங்கடா. பொண்ணு படிப்பு இன்னும் ஒரு வருசம் கீது" என்றார்.

இரண்டு மேசை போட்டிருந்தார்கள். முகமூடியில் எல்லாரும் ஒன்றுதான். ஒரு மேசையில் என் பெயருக்கு இடது கையை நீட்டினேன்; அடுத்ததில் அவர் பெயருக்கு வலது கையை. ஸ்டோரில் இருந்த என் கூட்டாளியிடம் மட்டும் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து அடுத்த பரிசோதனை. நான் மஞ்சள் காமாலையோடு ஊத்துக்கோட்டையில் படுத்திருந்தேன். அப்போதும் அண்ணனின் ஈய அளவு சரியாகவே வந்தது. அது அவரே கொடுத்த ரத்தம். ஆக, என் திருட்டுத்தனத்தால் ஒன்றும் கெடவில்லை, ஈயம் ஏறிக் கை தொங்கியது பிறகுதான். இத்தனை நாளும் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

பெரியாஸ்பத்திரியில் முதலில் ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்களாம். "நீ சொன்ன ஆணியத்தான் மாத்திரையா குட்த்தாங்கடா" என்றார் அண்ணன். உலையில் இரும்புக்கு இறங்கிய ஈயம் உடம்பிலிருந்து இறங்கவில்லை. அண்ணி உள்ளே போனதும் டம்ளரை நான் பிடித்தேன், வலது கையால். அவர் குடித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

இதுவரை எழுதியதைக் கூட்டாளிக்கு அனுப்பினேன். ஒரே வரி வந்தது:

"நீ காமாலைல கெடந்தியே, அந்தத் தபா அண்ணன் பேருக்கு ஊசி குத்திக்கினது நான்டா."