தூளியில் தூங்கிய புருஷன்

கனடாவில் நர்ஸாக இருக்கும் தன்மத்தி, கயானாவில் விட்டுவந்த புருஷன் ஹரிலாலை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள மனுப்போட்டு, மூன்று வருஷம் காத்துச் சலித்தாள். ஒருவழியாக அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

"போன தடவை வந்தப்போ உங்க மனைவி கட்டில்ல எந்தப் பக்கம் படுத்தாங்க?" என்று கேட்டாள் அதிகாரி.

"எனக்கெப்படித் தெரியும் மேடம்? வெளிநாட்டுலேருந்து வந்தவளை அவ சித்திங்க ஏழு பேரும் சுத்திப் படுத்துக்கிட்டாங்க. எங்க வீடு உயரமாத் தூண் மேல நிக்கும்; நான் அதுக்கடியில கட்டின தூளியிலதான் தூங்கினேன்."

சேர்ந்து வாழாத போலிக் கல்யாணம் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

தன்மத்தி போனில் பல்லைக் கடித்தாள். "ஏன்யா, இடப்பக்கம்னு ஏதாவது சொல்லித் தொலைச்சா என்ன?"

"பொய் சொன்னா ஜெயில்னு போர்டு வச்சிருந்தாங்கடி."

"திரும்ப முதல்லேருந்து மனுப்போடணும். லீவு எடுத்து வரேன், அந்தத் தூளி ரெண்டு பேரைத் தாங்குமா?"

"தாங்கும். உன் சித்திங்களும் ஏறினா அறுந்துடும்."