இரண்டு விரல்முட்டி தெரிந்தால் போதும்

அடுத்தவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்களே, தையல் சொல்லிக்கொடுப்பவர்களே, கீபோர்டு வாத்தியார்களே, நீங்கள் படுகிற பாட்டைத்தான் நானும் படுகிறேன். என் பாடு கொஞ்சம் திறந்த வெளியில் நடக்கிறது, அவ்வளவுதான்.

நான் கடியப்பட்டணத்துக்காரன். கல்ஃபில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பதினான்கு வருஷம் இருந்தேன். பந்து பொறுக்குகிறவனாகச் சேர்ந்து, கடைசியில் அங்கிருந்த பயிற்சியாளருக்கு உதவியாளனானேன். ஊருக்குத் திரும்பியபோது மார்த்தாண்டத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்ட முதலாளி, வயதான மரங்களை வெட்டிய இடத்தில் புதுக்கன்று வைக்காமல் கோல்ஃப் பழகுகிற மைதானம் போட்டிருந்தார். நின்று அடிக்க ஆறு பாய், ஒரு வலை, ஒரு நான். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. இரும்புத்தலை மட்டையை, அதாவது அயர்னை எடுத்து அடித்தால் பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறி இடதுபக்கம் வளைந்து விழும். ஹூக் என்போம். பெரும்பாலும் காரணம் இடது கை. மட்டையின் மேல் அது வலப்பக்கமாக ரொம்பத் திரும்பி உட்கார்ந்திருக்கும். குனிந்து பார்த்தால் இரண்டு விரல்முட்டி தெரிய வேண்டிய இடத்தில் நாலு தெரியும். கையை ஒரு விரல் அகலம் இடதுபக்கம் திருப்பினால் தீர்ந்தது. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும்.

கத்தி பிடித்த கை

நாகர்கோவிலில் இருந்து ஒரு டாக்டர் வருவார். வயிற்று ஆபரேஷனில் பெயரெடுத்தவர். கையைத் திருப்பி வைத்தால் "கரெக்ட், கரெக்ட்" என்பார். மட்டையை ஓங்குவதற்கு முன்னால் வேட்டியைச் சரிசெய்வதுபோல லேசாக ஓர் அசைவு. கை பழைய இடத்துக்குப் போய்விடும், பந்து இடதுபக்கம் போய்விடும். நான் திருப்புவேன், அது திரும்பிப்போகும். ஒருநாள் காலை இப்படியே இருபது தடவை.

பொறுக்காமல் போனில் படம் எடுத்துக் காட்டினேன். எக்ஸ்ரே பார்ப்பதுபோல இரண்டு விரலால் பெரிதாக்கி, நாலு முட்டியையும் எண்ணினார். பிறகு இது யார் கை என்று கேட்டார். மோதிரத்தைக் காட்டினேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று பக்கத்தில் போனேன். தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முப்பது வருஷமா இந்தக் கையாலதான் வயிறு கிழிக்கேன். பிடி சரியில்லன்னு ஒரு ஆளும் எழும்பிச் சொன்னதில்லயே."

களியக்காவிளைப் பசை

ஸ்டீபன் வீடு கட்டிக்கொடுக்கிற காண்டிராக்டர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரே சீடன் எனக்கு அவர்தான். மட்டையின் கைப்பிடி ரப்பரில் மேலே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அதை நேர் மேலே பார்க்க வைத்து, பெருவிரல் அதற்குச் சற்று வலப்பக்கம் இருக்கட்டும் என்றேன். மயிரிழை தவறாமல் அங்கேயே இருந்தது. முட்டியும் இரண்டுதான் தெரிந்தது. பந்து மட்டும் இடதுபக்கம் போயிற்று.

மூன்று வாரம். காலை மாற்றி நிற்கவைத்தேன். பந்தைத் தள்ளி வைத்தேன். தோளைச் சந்தேகப்பட்டேன். ராத்திரி படுக்கையில் என் பதினான்கு வருஷத்தையே சந்தேகப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன், வீட்டில் பழகாமல் இங்கே வந்து என் உயிரை எடுக்கிறீர்கள் என்று. அந்த மனுஷன் முகம் சுருங்கிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் மட்டையைப் பாயிலேயே மறந்துவிட்டார். அதை எடுத்து, கோட்டைப் பார்த்துக் கையை வைத்து, நானே ஓர் அடி அடித்தேன். என் பந்தும் இடதுபக்கம் போயிற்று. திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ரப்பர் முறுக்கி ஒட்டியிருந்தது. கோடு மேலே இருந்தால் மட்டையின் தலை உள்பக்கம் மூடியிருக்கும். அவர் கைதான் மூடுகிறது என்று நான் நினைத்தது எல்லாம் அந்த ரப்பர் செய்த வேலை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியவன் நான்.

மறுநாள் அவர் வேலை நடக்கிற இடத்துக்கே போய், கான்கிரீட் போடுகிற சத்தத்துக்கு நடுவில் மன்னிப்புக் கேட்டேன். பழைய ரப்பர் தேய்ந்துபோனதால் களியக்காவிளையில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மாற்றினாராம். இரண்டு பேரும் அவர் பைக்கிலேயே அங்கே போனோம். மெக்கானிக் மட்டையைக் கையில் வாங்கி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டு, துணியால் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"எத்தன ஸ்கூட்டருக்குக் கைப்பிடி மாத்தியிருக்கேன் சாரே. வண்டி இடத்துபக்கம் போவுதுன்னு ஒருத்தனும் திரும்பி வரல்ல."

வீட்டிலும்

தொழில் புத்தி எங்கே விடுகிறது? பேங்கில் பேனா பிடிப்பவர் கை, பஸ்ஸில் கம்பி பிடிப்பவர் கை, எதைப் பார்த்தாலும் முட்டியை எண்ணுகிறேன். ஒருநாள் வீட்டுக்காரி நெய்மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும், கொஞ்சம் திருப்பிப் பிடி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"வாங்க. நீங்களே வெட்டுங்க. நான் நின்னு எண்ணுகேன்."

தங்கபாய் அக்காவின் மட்டிக்குலை

மைதானத்துக்கு இடதுபக்கம் தங்கபாய் அக்காவின் வாழைத்தோட்டம். வலை இருக்கிறது, ஆனால் நல்ல ஹூக்குக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒரு சனிக்கிழமை காலை அக்கா ஒரு வாளி நிறையப் பந்தோடு வந்தாள். இன்னொரு கையில் வெட்டுக்கு முந்தின பருவத்திலேயே வெட்ட வேண்டிவந்த ஒரு மட்டி வாழைக்குலை. இரண்டு சீப்புக்கு நடுவில் ஒரு பந்து பதிந்திருந்தது. பேரப்பிள்ளைக்கு முதல் சோறோடு பிசைந்து ஊட்ட என்று விட்டுவைத்த குலையாம். பஞ்சாயத்தில் சொல்லி இதை மூடவைக்காமல் விடமாட்டேன் என்றாள். முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். ஒன்று இடதுபக்கம் போவது நிற்க வேண்டும், இல்லை மைதானம் நிற்கும் என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. பந்து ஏன் அப்படிப் போகிறது, முட்டி எத்தனை தெரிய வேண்டும், நான் எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்பதில்லை என்று அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குலையைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை முதல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிட்டாள். பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் கையையும் பார்த்துத் தலையாட்டினால்தான் அடிக்கலாம். பாதியில் கை நழுவினால் "ம்ஹூம்" என்பாள். நான் இருபது தடவை திருப்பியும் அடங்காத டாக்டரின் கை, அவள் பார்வைக்குக் கீழே ஆணி அடித்ததுபோல இருந்தது. பந்து நேராகப் போயிற்று. எனக்குச் சந்தோஷப்படுவதா, வேலையை விடுவதா என்று தெரியவில்லை. இந்த அம்மா எந்த ஊர்ப் பயிற்சியாளர் என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார். அக்கா அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பயிற்சி அவருக்க வேலை. ரெண்டு முட்டிக்கு மேல தெரிஞ்சா அடிக்கப்பிடாது. அந்தப்பக்கம் நிக்கது எனக்க வாழை."

பிரான்சிஸ் அண்ணன்

இவர் கடற்கரைக்காரர், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். எனக்கு முன்பழக்கம் இல்லை. இவரிடம் மீன் எடுக்கிற கொச்சி ஏற்றுமதிக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிறவர்கள். வருகிற மாதம் நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் கேவலப்படக் கூடாது என்று வந்து சேர்ந்தார். வண்டியில் இருந்து இறங்கும்போதே இடது கையில் கையுறை இருக்கும். போகும்போதும் அதோடுதான் போவார்.

இடது கையில் கடைசி மூன்று விரல்தான் மட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும். இவர் மட்டை அந்த இடத்தில் ஆடியது. ஆட்டத்தை அடக்க வலது கையை மட்டைக்குக் கீழே கொண்டுபோய் இறுக்குவார். பந்து சுருண்டு இடதுபக்கம் விழும். நானும் திட்டினேன். சோம்பல் என்றேன், கடலில் கயிறு இழுத்த கைக்கு இவ்வளவு பலம்கூட இல்லையா என்றேன். சிரித்துக்கொண்டு அடுத்த பந்தை வைப்பார்.

ஒருநாள் திடீர் மழை. நனைந்த மட்டை அவர் கையை விட்டுப் பறந்து, பத்தடி தள்ளி விழுந்தது. நல்லவேளை அங்கே யாரும் இல்லை. நான் எரிச்சலோடு அவர் கையைப் பிடித்து ஈரக் கையுறையை உருவினேன். சுண்டுவிரல், மோதிரவிரல் இரண்டும் கையுறையோடு வந்துவிட்டன. உள்ளே பஞ்சு. கையில் இரண்டு குட்டையான நுனிதான் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் வலை இழுக்கிற வின்ச்சில் கயிறு சுற்றி எடுத்துவிட்டதாம். நான் திட்டின ஒவ்வொரு வார்த்தையும் அந்த மழையில் என் காதில் திரும்பக் கேட்டது. அவர் பஞ்சை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேறு வழியில் போனோம். ரப்பருக்கு அடியில் டேப் சுற்றிப் பிடியைத் தடிமனாக்கினேன். இடது கையை அதன் போக்கில் விட்டுவிட்டு, வலது கையை மட்டையின் மேலே ஏற்றிவைத்தேன். இரண்டு வாரத்தில் வளைவு பாதியாகக் குறைந்தது. கொச்சிக்குப் போய்வந்தார். கேவலப்படவில்லை என்றார். ஏன் அண்ணா முதலிலேயே சொல்லவில்லை, இவ்வளவு திட்டியிருக்க மாட்டேனே என்று கேட்டேன். கையுறையைப் பையில் மடித்து வைத்தார்.

"விரல் போனதுக்குப் பெறவு ஒருத்தனும் என்னத் திட்டினதில்ல மக்கா. நீ திட்டினே. கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

கையை ஒரு விரல் அகலம் நகர்த்தச் சொன்னால், குடியிருக்கிற வீட்டைக் காலிபண்ணச் சொன்னதுபோல முகம் மாறுகிறவர்களை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.