சமையலறையில் ஒரு தூதுவர்

சுவிஸ் தலைநகர் பேர்னின் பூம்ப்ளிஸ் பகுதியில் என் மகளோடு ஒரே வகுப்பில் படித்த சிறுமியின் தாய் தைவான்காரி. பாடசாலை விழாவுக்கு நான் செய்துகொண்டுபோன மரக்கறி ரோல்ஸைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, தன் அலுவலக விருந்துக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டாள். பேர்னில் தன் நாட்டு அலுவலகத்தில் அவள் செயலாளராக இருந்தாள்.

"தூதரகமா?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"தூதரகம் செய்கிற வேலையெல்லாம் செய்கிறோம். விசாகூடக் கொடுக்கிறோம். ஆனால் தூதரகம் இல்லை."

சுவிஸ் அரசு தைவானை ஒரு நாடாக அங்கீகரிக்கவில்லை, அதனால் வாசலில் அந்தப் பெயரைப் போட முடியாது என்றாள். உங்கள் தலைவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளே தூதுவர். வெளியே பிரதிநிதி."

வீட்டில் சொன்னபோது என் கணவர் மாக் குழைத்தபடியே சிரித்தார். "அப்ப எங்களை ஆர் கூப்பிட்டிருக்கிறது? தூதுவரோ, பிரதிநிதியோ?"

"ஆர் கூப்பிட்டாலும் ரோல்ஸ் ஒண்டுதானேப்பா."

சொன்னேனே தவிர, எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. இல்லாத நாடு என்று சொல்லிக்கொண்டே அதன் ஆட்களோடு சுவிஸ் அதிகாரிகள் எப்படிப் பழகுவார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

விருந்து ஒரு வாடகை மண்டபத்தில், மதிய நேரம். நாங்கள் பின்னாலுள்ள சமையலறையில் பொரித்துக்கொண்டிருந்தபோது உயரமான சுவிஸ்காரர் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். கழிப்பறையைத் தேடுகிறார் என்று நினைத்து வழி காட்டினேன்.

"இல்லை, மண்டபத்தில் படம் பிடிக்கிறார்கள்," என்றார். தான் வெளியுறவு அமைச்சில் வேலை செய்வதாகவும், இன்று தனிப்பட்ட ஆளாக வந்திருப்பதாகவும் சொன்னார். "தனிப்பட்ட ஆள் படத்தில் இருக்கத் தேவையில்லை."

"நாளைக்கு வேலைக்குப் போனால் இவர்களை உங்களுக்குத் தெரியாதா?"

"நன்றாகத் தெரியும். அங்கே சந்திக்க மாட்டோம், அவ்வளவுதான்." அவர் கோபிக்கவில்லை. ஒரு ரோல்ஸை எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் செயலாளரோடு அவர்களுடைய தலைவரும் உள்ளே வந்தார். தலைவரும் அமைச்சுக்காரரும் கைகொடுத்துக்கொண்டு, எங்கள் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆங்கிலத்தில் பேசினார்கள். லைசென்ஸ் என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. நான் பொரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இரண்டு ரோல்ஸ் கருகிவிட்டன.

அவர்கள் போன பிறகு செயலாளரிடம் விசாரித்தேன். இங்கே வாழும் தைவான்காரர்கள், தங்கள் நாட்டு வாகனம் ஓட்டும் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு சுவிஸ் லைசென்ஸ் எடுக்க வழி செய்யும்படி தலைவர் அவரிடம் கேட்டாராம்.

என் கணவருக்கு ஏமாற்றம். "கார் ஓடுறதுக்கோ இவ்வளவு ஒளிப்பு?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு அரசுகள் என்றால் பெரிய பெரிய விஷயங்களைத்தான் பேசும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இவர்கள் கதைத்தது, நான் இங்குள்ள நகரசபை அலுவலகத்தில் வரிசையில் நின்று கேட்கிற மாதிரியான காரியம். அந்தக் கேள்வி என்ன ஆனது என்று பிறகு கேட்டபோது, "மெல்ல மெல்ல," என்றாள் செயலாளர்.

அடுத்த வருடமும் எங்களையே கூப்பிட்டார்கள். என் கணவர், யாரும் சொல்லாமலே, மண்டபத்திலிருந்து இரண்டு கதிரைகளைத் தூக்கி வந்து சமையலறை ஜன்னலோரம் போட்டார். அந்த முறை அமைச்சிலிருந்து வந்தது ஒரு பெண். அவர் நேரே வந்து ஒன்றில் அமர்ந்து, தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.