இடக்கை முடிச்சு

பேய் பிசாசு எண்டு ஆரும் கதைச்சால் எழும்பிப் போற ஆள் நான். சுடலைக்குப் பக்கத்து வளவிலை விறகு பொறுக்கி வளந்தனான், ஒண்டையும் கண்டதுமில்லை, பயந்ததுமில்லை. நீங்கள் சிரிச்சாலும் பரவாயில்லை, இதை நான் கூட்டியும் சொல்லேல்லை, குறைச்சும் சொல்லேல்லை.

அறுபதுகளிலை நடந்தது. பருத்தித்துறைக் கரை எங்கடை இடம். என்ரை அய்யா இடக்கைக்காரர். வலை கட்டினாலும் வள்ளம் கட்டினாலும் அவரின்ரை முடிச்சு மற்றவையின்ரைக்கு எதிர்ப்பக்கமாத்தான் விழும், கடைசிச் சுத்து ரெண்டு தரம் போய் நுனி உள்ளுக்கை ஒளிச்சிருக்கும். நான் மூண்டாம் வகுப்போடை நிண்டனான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன், ஆனால் ஒரு முடிச்சைக் காட்டினால் கட்டின கை ஆரின்ரை எண்டு சொல்லுவன். அதிலை எனக்குப் பெருமைதான்.

அய்யான்ரை சொல்லைக் கேளாமல் நான் விரும்பினவரைக் கட்டினன். "உவன்ரை வள்ளத்திலை நான் செத்தாலும் கால் வைக்கமாட்டன்" எண்டார், வைக்கவுமில்லை. அடுத்த சோளகக் காத்திலை அய்யா கடலோடை போனார். உடம்பு கிடைக்கேல்லை, தர்ப்பைப் புல்லிலை ஆள் செய்துதான் எரிச்சவை.

ரெண்டு வருஷம் கழிச்சு என்ரை மனுசனும் தனிய வள்ளத்தோடை போய் ஆறு நாளாத் திரும்பேல்லை. தேடிப் போனவையும் வெறுங்கையோடை வந்திட்டினம். ஆறாம் நாள் காலமை மாமி புல்லு வெட்ட ஆள் அனுப்பிப்போட்டா.

"இண்டைக்கு ஒரு நாள் பொறுங்கோ மாமி."

"உன்ரை அய்யாவை எரிச்ச சாம்பல் ஆறமுதல் என்ரை பிள்ளைக்கும் புல்லு வெட்ட வைச்சிட்டாய். இன்னும் என்னத்தைப் பொறுக்கிறது?"

"பொழுதுபட மட்டும்" எண்டன்.

புல்லாளை எரிச்சால் எரிச்சதுதான். பிறகு என்ரை தாலியும் இல்லை, அவரைத் தேட ஆளும் இல்லை. நேரை வெளிச்சவீட்டுக்குப் போனன். அங்கை விளக்குப் பாக்கிறவர் எங்களுக்குத் தெரிஞ்ச அண்ணைதான்.

"பொம்பிளையளை மேலை ஏத்திறதில்லை பிள்ளை."

"நான் கடலுக்குப் போகவே கேக்கிறன்? கடலைப் பாக்கத்தானே கேக்கிறன்."

மடியிலை இருந்த திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார். ஏறினம், ஏறினம். மேலை விளக்கைச் சுத்தியிருக்கிற பெரிய கண்ணாடிக்குப் பகலிலை திரை போட்டிருப்பினமாம், வெய்யில் பட்டால் நெருப்பெடுக்குமாம். விடியவே தான் மூடினதெண்டு அண்ணை சொல்லிக்கொண்டு வந்தவர், மேலை போய்ப் பாத்தால் கடல் பக்கத்துத் திரை ஒதுக்கிக் கட்டியிருக்கு. கண்ணாடியிலை உச்சி வெய்யில் பட்டுக் கண் கூசுது.

"ஆர் இதைத் திறந்தது? திறப்பு என்னட்டையெல்லே!"

நான் கிட்டப் போய்க் கயித்தைப் பாத்தன். எதிர்ப்பக்கமா விழுந்த முடிச்சு. ரெண்டு சுத்து. நுனி உள்ளுக்கை. அந்த வெய்யிலிலை கயிறு சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தது. விரலை நாக்கிலை வைச்சன். உப்பு.

கடலிலை ஒரு பாயும் தெரியேல்லை. அண்ணை அவிழ்க்கக் கை வைச்சார்.

"தொடாதேங்கோ."

"ஏதும் பத்தினால் என்ரை வேலை போயிடும் பிள்ளை."

"பொழுதுபட மட்டும் அண்ணை."

என்ரை முகத்தைப் பாத்தார். ஒரு வாளி தண்ணியைக் கொண்டுவந்து கிட்ட வைச்சுக்கொண்டு குந்தினார்.

பொழுது சாயேக்கை என்ரை மனுசன்ரை வள்ளம் வெளிச்சவீட்டடிக்கு வந்துது, சுக்கான் பிடிக்க ஆளில்லாமல். அவர் உள்ளுக்கை அறிவில்லாமல் கிடந்தார், மூச்சிருந்தது. பட்டப்பகலிலை கரைப் பக்கம் ஒரு வெளிச்சம் வெட்டினதாம், அதுக்கு நேரை வள்ளத்தைத் திருப்பினதுதான் நினைவாம், மிச்சம் ஒண்டும் தெரியாதாம், பிறகு சொன்னவர்.

தூக்கப் போனவையாலை அவரைத் தூக்க முடியேல்லை. இடுப்பைச் சுத்திக் கயிறு போட்டு, அலை அடிச்சுக்கொண்டு போகாமல் வள்ளத்தோடை இறுக்கியிருந்தது. "நான் கட்டேல்லையப்பா" எண்டுதான் மனுசன் சாகுமட்டும் சொன்னவர். கத்தியோடை வந்தவையைத் தள்ளிப்போட்டு நானே அவிழ்த்தன். அய்யான்ரை முடிச்சேதான்.

இண்டைக்கும் நினைச்சால் எனக்கு மேல் கூசிறது முடிச்சாலை இல்லை, அது இருந்த இடத்தாலை. கயிறு வள்ளத்தின்ரை விளிம்புக்கு மேலாலை வந்து வெளிப்பக்கத்திலைதான் கட்டுப்பட்டிருந்தது. நெஞ்சளவு தண்ணியிலை நிண்டுதான் நான் அதை அவிழ்த்தன்.

அய்யா சொல்லு மாறாத மனுசன்.